பெண்கள் ஆடினால் பார்ப்பார் யார்?

மகளிர் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. ஆண்கள் ஆடும் ஆட்டத்தைக் காண உலகமே திரள்கின்றது. பெண்கள் ஆடினால் பார்ப்பார் யார்? மாணவரின் விவாத மேடையிலும் வீட்டு விறாந்தையிலும் இக்கேள்வியைக் கேட்போர் பெரும்பாலும் விடையை எதிர்பார்ப்பதில்லை. கேள்வியே விடை என்பது அவர்களின் எண்ணம். ஆயினும் இதற்கு ஒரு விடை உண்டு. அது ஓர் எண்: 53,000.

1920ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, நத்தாருக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே எவேர்ட்டன் கழகத்துக்குரிய குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் அணிகள் மோதின. ஒன்று பிரஸ்டன் நகரத்து டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணி. மற்றையது சென்ட் ஹெலன்ஸ் நகரத்து அணி. அன்று பணங்கொடுத்து உள்ளே சென்று பார்த்தவர்கள் ஏறக்குறைய 53,000 பேர். இடமின்மையால் வாயிலில் நின்று திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பர். டிக் கெர் அணி நான்கு கோல்களால் வென்றது. சேர்ந்த பணம் 3,115 பவுண், தர்ம காரியத்துக்குச் சென்றது. பெண்கள் கழகங்கள் ஆடிய எந்த ஆட்டத்துக்கும் அதற்குப்பின் 98 ஆண்டுகள்வரை அத்துணைக் கூட்டம் திரளவில்லை. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஸ்பானிய நாட்டு மட்ரிட் நகரில் 60,739 பேர் கூடியபோதுதான் அவ்வெண் பின்தள்ளப்பட்டது.

இந்தத் தொண்ணூற்றெட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது? மக்களின் சுவை மாறிவிட்டதா? பெண்கள் ஆட மறந்துவிட்டார்களா? ஆண்கள் ஆட்டத்தின் செல்வாக்கையும் பெண்கள் ஆட்டத்தின் செல்வாக்கையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க முற்படுவோர் முதலில் இக்கதையை அறிந்திருத்தல் வேண்டும்.

டிக் கெர் கம்பனி யுத்தத்துக்கு முன் ட்ராம் வண்டிகளும் ரயில் இயந்திரங்களும் செய்த நிறுவனம். 1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபின் வெடிமருந்துச் சாதனங்கள் செய்வதாக மாறியது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, அவர்கள் நின்ற இடத்திற் பெண்கள் வந்து நின்றனர். உணவு வேளையில் தொழிற்சாலை முற்றத்திலே பையன்களோடு சேர்ந்து பந்து உதைத்தனர். அலுவலகச் சாளரத்தினூடே இதைப் பார்த்துக்கொண்டிருந்த அல்பிரட் பிராங்க்லண்ட் என்ற உத்தியோகத்தர், இவர்களை ஓர் அணியாகத் திரட்டலாமே என எண்ணினார். 1917ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, பிரஸ்டன் நகரத்து ஆண்கள் கழகத்தின் டீப்டேல் மைதானத்தை வாடகைக்கு எடுத்து முதலாட்டம் நடைபெற்றது. வந்தவர்கள் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர். பணம், காயமுற்ற போர்வீரரைப் பராமரித்த வைத்தியசாலைக்குப் போயிற்று.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள், பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை, ஆகவே சனங்கள் பெண்களைப் பார்த்தார்கள் என்பது அது. இங்கிலாந்தின் ஆண்கள் லீக் போட்டிகள் 1915 முதல் 1919 வரை நிறுத்தப்பட்டிருந்தன என்பது உண்மையே. ஆனால் 1919இலே அவை மீண்டும் ஆரம்பமாகிவிட்டன. குடிசன் பார்க்கில் 53,000 பேர் கூடியது 1920இன் இறுதியில். ஆண்கள் ஆட்டம் முழு வீச்சோடு நடந்துகொண்டிருந்த பருவம் அது. தர்ம காரியம் என்ற நல்லெண்ணமும், விடுமுறைநாள் உற்சாகமும், புதுமையைக் காணும் ஆவலும் கூட்டத்தைச் சேர்த்தன என்றால் மறுப்பதற்கில்லை. ஆனால் புதுமை ஒருமுறைதான் புதுமை. 1921ஆம் ஆண்டில் மாத்திரம் டிக் கெர் பெண்கள் 67 ஆட்டங்கள் ஆடினர். அவற்றைக் கண்டோர் தொகை ஏறக்குறைய ஒன்பது இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. ஒரே புதுமையை அறுபத்தேழு முறை காணச் சனங்கள் போவதில்லை.

அவர்களைக் காணவேண்டிய காரணமும் இருந்தது. லிலி பார் என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1905இல் சென்ட் ஹெலன்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவள். சகோதரரோடு ஆடிப் பழகியவள். பதினான்கு பதினைந்து வயதிலேயே டிக் கெர் அணியின் இடப்புற முன்னணி ஆட்டக்காரியானாள். ஆறடி உயரத்தை நெருங்கிய உடலும், பந்தை மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அனுப்பவல்ல இடக்காலும் அவளுக்கு வாய்த்திருந்தன. அவள் உதையைத் தடுக்கப் போன ஆண் கோல் காப்பாளர் ஒருவரின் கை முறிந்தது என்றொரு கதை உண்டு. கதையாகவே அதைக் கொள்வோம். 1951 வரை ஆடிய லிலி பார் அடித்த கோல்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை என்று கூறப்படுகிறது. ஆட்டம் ஒன்றுக்கு இப்பெண்களுக்குக் கிடைத்தது வேலை இழப்புக்கு ஈடாகப் பத்து ஷில்லிங். லிலி பார் பின்னர் மனநோய் வைத்தியசாலை ஒன்றிலே தாதியாகக் கடமையாற்றியே வாழ்ந்தாள்.

1920 டிசெம்பரில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இரவில் ஆட வேண்டுமென்று பிராங்க்லண்ட் விரும்பினார். விளக்கு எங்கே? விமானங்களைத் தேடுவதற்கென யுத்தகாலத்திற் பயன்பட்ட தேடொளி விளக்குகளை இரவல் தருமாறு யுத்த மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு விண்ணப்பித்தார், அனுமதி கிடைத்தது. பந்து இருளில் தெரிவதற்காக அதற்கு வெள்ளை பூசினார்கள். ஏறக்குறைய 12,000 பேர் குளிரில் நின்று பார்த்தனர். இங்கிலாந்து லீக்கின் ஆண்கள் ஆட்டமொன்று விளக்கொளியில் நடைபெறுவதற்கு 1956 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவு செழித்த ஆட்டம் பின்பு ஏன் வாடியது? வாடவில்லை, நீர் மறிக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இவ்விளையாட்டு பெண்களுக்குச் சற்றும் பொருத்தமற்றது. அதற்கு ஊக்கமளித்தல் ஆகாது. ஆகவே சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கழகமும் தன் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்கு வழங்கக்கூடாது. தர்மத்துக்கென வசூலித்த பணத்தில் மிகையான பங்கு செலவுக்குப் போகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பெண்ணின் உடலுக்கு இவ்வாட்டம் கேடு என்று வைத்தியர் சிலர் கூறியதும் தீர்மானத்துக்குத் துணையாயிற்று. பிராங்க்லண்ட் சளைக்கவில்லை. வைத்தியர்கள் பலரையும் பத்திரிகையாளரையும் அழைத்து ஆட்டத்தைக் காட்டினார். பார்த்த பெண் வைத்தியர் ஒருவர், நாள் முழுதும் துணி வெளுப்பதைவிட இதனால் உடலுக்கு அதிக கேடு விளையாது என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த அம்மையாரின் வாக்கில் எத்தனை உண்மை! தொழிற்சாலையிலே குண்டு உருவாக்கும்போதும், வீட்டிலே தண்ணீர்க் குடம் சுமக்கும்போதும் பெண்ணின் மென்மை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அவள் பந்து உதைக்கும்போது மட்டும் வந்துவிடுகிறது.

மெய்யான காரணம் எது? சரித்திர ஆசிரியர் பலவற்றைச் சொல்வர். போர் முடிந்து ஆண்கள் திரும்பியபின் பெண்கள் வீடு திரும்பவேண்டும் என்ற எண்ணம் நாடெங்கும் இருந்தது. 1921இலே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்து பட்டினி கிடந்தபோது அவர்தம் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் திரட்டின. போர்வீரருக்காக ஆடியபோது புகழ்ந்த கனவான்களுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. ஆண்கள் லீக்கோ 1920இலும் 1921இலும் மூன்றாம் பிரிவை ஏற்படுத்தி விரிந்துகொண்டிருந்த காலம். அதற்கும் சனங்கள் வேண்டியிருந்தனர். இவற்றுள் எதற்கு எவ்வளவு பாரம் என்று அறுதியிட்டுக் கூறல் அரிது. பார்வையாளர் இன்மையால் பெண்கள் ஆட்டம் நின்றது என்பது மாத்திரம் பொய்.

அத்தீர்மானம் பெண்களை ஆடவேண்டாம் என்று தடுக்கவில்லையே, மைதானத்தைத்தானே மறுத்தது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. மைதானம் என்பது வெறும் புல்தரை அன்று. மதிலும் வாயிலும் இருந்தாற்றான் கட்டணம் அறவிடலாம். இருக்கை வரிசை இருந்தாற்றான் ஐம்பதினாயிரம் பேர் காணலாம். கட்டணமும் கூட்டமும் இருந்தாற்றான் பத்திரிகை நிருபர் வருவார். தகப்பன் கைபிடித்துச் சென்ற சிறுவன் நாளை தன் பிள்ளையின் கைபிடித்துச் செல்வதும் ஒரு குறித்த மைதானத்துக்கே. இவை அறுந்தபின், பெண்கள் பூங்காக்களிலும் சில றக்பி மைதானங்களிலும் ஆடித் திரிந்தனர். டிக் கெர் பெண்கள் 1922இல் அமெரிக்காவுக்குச் சென்று ஆண்கள் அணிகளோடு மோதி, வெற்றியும் தோல்வியும் சமமாகப் பெற்று மீண்டனர். பின்னர் பிரஸ்டன் மகளிர் அணி என்ற பெயரோடு 1965 வரை ஆடினார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த விடாமுயற்சிக்கு நான் தலைவணங்குகின்றேன். ஆனால் விடாமுயற்சியால் இருக்கை வரிசைகளைக் கட்டிவிட முடியாது.

அதே காலத்தில் ஆண்கள் ஆட்டம் என்ன செய்தது? 1923இல் வெம்பிளி அரங்கு திறக்கப்பட்டது. 1930இல் உருகுவேயில் முதலாவது உலகக் கிண்ணம் நடந்தது. வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஒவ்வொரு வாரமும் ஆட்டத்தை வீட்டுக்கே கொணர்ந்தன. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க முடியுமா என்பது நம்மவர் பழமொழி. பாட்டன் நட்ட பனையிலிருந்து பேரன் பயன் பெறுகிறான். ஆண்கள் ஆட்டத்தின் பனை நூற்றாண்டு கண்டது. பெண்கள் ஆட்டத்தின் வடலியோ தறிக்கப்பட்டு, ஐம்பதாண்டுகள் கழித்து, 1971இலேதான் மீண்டும் நட அனுமதிக்கப்பட்டது. இங்கிலாந்து தனித்து நிற்கவில்லை. பிரேசில் 1941 முதல் 1979 வரை சட்டத்தினாலேயே பெண்களைத் தடுத்தது. மேற்கு ஜேர்மனியின் சங்கம் 1955 முதல் 1970 வரை தடுத்தது. உதைபந்தாட்டத்தில் தலைசிறந்த நாடுகள் எனப்படுபவை இவையே என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

தடை நீங்கிய அதே 1971இல் மெக்சிக்கோவிலே ஒரு மகளிர் உலகப் போட்டி நடைபெற்றது. சர்வதேசச் சம்மேளனம் அதை அங்கீகரிக்கவில்லை. வர்த்தக நிறுவனங்கள் பணமிட்டு நடத்தின. அஸ்டெக்கா அரங்கில் டென்மார்க்கும் மெக்சிக்கோவும் மோதிய இறுதியாட்டத்தை ஏறக்குறைய 1,10,000 பேர் கண்டனர் என்பர். இங்கிலாந்திலிருந்து சென்று ஆடிய பெண்கள் சிலர் பள்ளிச் சிறுமியர். விமான நிலையத்தில் அவர்களைப் படம்பிடிக்கக் கூட்டம் மொய்த்தது. தாயகம் திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது ஆடத் தடை. சம்மேளனம் தானே நடத்திய முதலாவது மகளிர் உலகக் கிண்ணம் சீனாவில் 1991இலேதான் வந்தது. ஆண்களுக்குப்பின் அறுபத்தொரு ஆண்டுகள்.

நேர்மாறான உதாரணம் ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்காவிலே ஆண்கள் உதைபந்தாட்டத்துக்குப் பெருஞ் செல்வாக்கு இருக்கவில்லை. அங்கே வேறு விளையாட்டுகள் ஆண்களை ஆட்கொண்டிருந்தன. 1972இல், அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் பேதம் காட்டலாகாது என்று ஒரு சட்டம் பிறந்தது. விளையாட்டைக் குறித்துச் செய்த சட்டமன்று அது. ஆயினும் கல்லூரிகள் பெண்களுக்கும் அணிகளும் பயிற்சியாளரும் உதவிப் பணமும் தரவேண்டியவையாயின. அந்தத் தலைமுறைச் சிறுமியர் வளர்ந்து 1991, 1999, 2015, 2019ஆம் ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்றனர். அந்நாட்டு ஆண்கள் ஒருமுறையேனும் வென்றிலர், 2018இல் போட்டிக்குத் தகுதியும் பெற்றிலர். 1999இன் இறுதியாட்டத்தைக் கலிபோர்னியாவில் 90,185 பேர் நேரிற் கண்டனர். 2015இன் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்ட அமெரிக்கர் இரண்டரைக் கோடிக்கு மேல். அதுவரை அந்நாட்டில் எந்த ஆண்கள் உதைபந்தாட்டமும் ஆங்கில ஒளிபரப்பில் அத்தொகையை எட்டவில்லை. பெண்கள் அணி 2019இல் சமசம்பளம் கோரி வழக்குத் தொடுத்தது. 2022இல் 2 கோடியே 40 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது.

எனினும் அமெரிக்காவைக் காட்டி வாதத்தை முடித்துவிடுவது நேர்மை ஆகாது. 1999இன் வெற்றிக் களிப்பில் அங்கே பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக் 2001இல் தொடங்கியது, 2003இலேயே மூடப்பட்டது. நாட்டின் கொடியோடு ஆடும் இறுதியாட்டத்துக்குத் திரளும் கூட்டம் திருவிழாக் கூட்டம். வாரந்தோறும் வருவது நித்திய பூசைக்கு வருவோர் போன்றது. கோயிலை நடத்துவது தேர்த் திருவிழா மாத்திரமன்று என்பதை நம்மவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய ஐரோப்பாவிலும் இதே நிலைதான். பார்சலோனாவில் 2022 ஏப்ரலில் மகளிர் கழக ஆட்டமொன்றைக் காண 91,648 பேர் வந்தனர். அதே ஆண்டு வெம்பிளியில் இங்கிலாந்துப் பெண்கள் ஜேர்மனியை வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றபோது இருந்தவர்கள் 87,192 பேர். 2023இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கிண்ணத்துக்கு வந்தோர் தொகை இருபது இலட்சத்தை நெருங்கியது. ஆனால் இங்கிலாந்தின் மகளிர் உயர் லீக்கில் 2023-24 பருவத்துச் சராசரி ஏறத்தாழ 7,000. ஆண்கள் பிரிமியர் லீக்கிலோ 38,000க்கும் மேல். இந்த வேறுபாட்டை மறைப்பதில் பயனில்லை.

இதற்கு ஆட்டத்தின் தரமே காரணம் என்பார் உளர். பெண்களின் வேகம் குறைவு, உதையின் வலிமை குறைவு என்பது அவர் வாதம். அளந்தால் அது மெய்யாகவே இருக்கும். ஆனால் சனங்கள் வேகத்தை அளந்து சீட்டு வாங்குவதில்லை. 2018-19 பருவத்தில் சண்டர்லன்ட் நகரத்து ஆண்கள் அணி மூன்றாம் பிரிவுக்குத் தாழ்ந்து கிடந்தது. உலகத்தரம் வாய்ந்த ஆட்டம் அங்கே இல்லை என்பதை அந்நகரத்துச் சிறுவனும் அறிவான். ஆயினும் வாரந்தோறும் சராசரி 30,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். காரணம், அது தங்கள் ஊர் அணி; தகப்பனும் பாட்டனும் பார்த்த அணி. தரத்தைத் தேடி வருவோர் சிலர்; பழக்கத்தாலும் பற்றாலும் வருவோரே பலர். மகளிர் லீக் இங்கிலாந்தில் 2011இலே தொடங்கி, 2018இலே முழுமையான தொழில்முறை லீக்காயிற்று. அந்தப் பற்று வேரூன்ற இன்னும் ஒரு தலைமுறை கழியவில்லை.

சம்பளத்தைப் பற்றிய வாதத்திலும் இதே கோணல் உண்டு. பெண்கள் ஆட்டம் வருமானம் தருவதில்லை, ஆகவே குறைந்த பரிசு என்பர். 2022 ஆண்கள் உலகக் கிண்ணத்தின் பரிசுத்தொகை 44 கோடி டொலர். 2023 மகளிர் கிண்ணத்துக்கு 11 கோடி. ஆனால் மகளிர் கிண்ணத்தின் ஒளிபரப்பு உரிமையைச் சம்மேளனம் 2023க்கு முன்னர் தனியாக விற்றதே இல்லை. ஆண்கள் உரிமையோடு சேர்த்தே கொடுத்துவந்தது. சந்தையிலே மரக்கறி வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக் கொடுப்பார்கள். பல ஆண்டுகள் அவ்வாறு கொடுத்துவிட்டு, கறிவேப்பிலைக்குச் சந்தையில் விலையே இல்லை என்று கணக்கெழுதினால் அந்தக் கணக்கை யார் ஏற்பார்?

ஆகவே மாணவர் இவ்விடயத்தை விவாதிக்கும்போது, இரு ஆட்டங்களின் செல்வாக்கும் சமம் என்று நிறுவ முயல வேண்டாம். இன்று அவை சமமல்ல. சமமின்மை இயற்கையால் வந்ததா, ஒரு கூட்டத்திலே சில கனவான்கள் நிறைவேற்றிய தீர்மானத்தால் வந்ததா என்பதையே கேட்க வேண்டும். அந்தக் கனவான்களின் வாரிசுகள் 2008இல் மன்னிப்புக் கோரினார்கள். லிலி பார் அதைக் கேட்க இருக்கவில்லை, 1978இலேயே இறந்துவிட்டாள். மான்செஸ்டரிலுள்ள தேசிய உதைபந்தாட்ட அரும்பொருட்சாலையில் அவளுக்கு 2019இல் ஒரு வெண்கலச் சிலை எழுந்தது.

எவேர்ட்டன் கழகத்தின் ஆண்கள் அணி 2025இலே துறைமுகக் கரையிற் கட்டிய புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய குடிசன் பார்க்கை இடித்துவிடுவதாகவே முதலில் எண்ணியிருந்தனர். பின்பு எண்ணத்தை மாற்றி, அதைத் தங்கள் பெண்கள் அணிக்கு வீடாக்கிக் கொடுத்தார்கள். பெண்கள் இப்போது அங்கே தங்கள் லீக் ஆட்டங்களை ஆடுகின்றார்கள். இருக்கைகள் நிரம்புவதில்லை, ஆயினும் வாயில் திறந்திருக்கிறது.